தன்பாலீர்ப்புள்ள சபையாரை வரவேற்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களில் நம் மக்கள் கூடும் சபைகளில், தன்பாலீர்ப்புள்ளவர் ஒருவர்கூட இல்லாத சபை இருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்கள் பாடகர் குழுவில் பாடுகிறார்கள், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறார்கள், ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்கிறார்கள், நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் ஏற்றிவந்து இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலானோர் தங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்த சிலர் வேறு சபைக்கோ, எந்தச் சபையும் வேண்டாம் என்ற முடிவுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களை அன்போடு ஏற்க மனமிருந்தும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் மூப்பர்கள், வீட்டுக்கூட்டத் தலைவர்கள், வாலிபர் ஊழியர்கள், மற்ற அங்கத்தினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

தன்பாலீர்ப்புள்ள விசுவாசிக்கு மற்ற எல்லாருக்கும் உள்ள அதே இடம் சபையில் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆயினும் இங்கே சொல்லப்படுவனவற்றுள் பெரும்பகுதி, திருமணத்தைப் பற்றிய பழைய போதனையை விடாத சபையும் இந்த வாரமே செய்யத் தொடங்கக்கூடியது. கருத்து வேறுபாடு தீரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் வெளியே போயிருப்பார்கள்.

முதலில் சபை தன் நிலையைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்

"எல்லாரும் வருக" என்று வாசலில் எழுதிவைப்பது எளிது. வந்தவர் என்னென்ன செய்யலாம் என்று சொல்வதுதான் பல சபைகளுக்குக் கடினமாக இருக்கிறது. ஆகவே மூப்பர் குழு ஒரு மாலை முழுவதையும் இதற்கென ஒதுக்கி, சில நேரடியான கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். தன்பாலீர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகத் தெரிந்த ஒருவர் இங்கே ஞானஸ்நானம் பெறலாமா, திருவிருந்தில் பங்கெடுக்கலாமா, அங்கத்தினர் பட்டியலில் சேரலாமா? ஆராதனைக் குழுவில் பாடலாமா, ஞாயிறு பள்ளியில் கற்பிக்கலாமா, உதவிக்காரராகத் தெரிந்தெடுக்கப்படலாமா? துணையோடு வாழ்பவர் என்றால் பதில் மாறுமா? இருவரும் வளர்க்கும் குழந்தையைப் பிரதிஷ்டை செய்வோமா? அவர் இறந்தால் அடக்க ஆராதனையில் துணையின் இடம் எது?

இவற்றுள் சிலவற்றுக்கு "இப்போதைக்கு இல்லை" என்பதே உங்கள் குழுவின் பதிலாக இருக்கலாம். அப்படியானால் அதையும் எழுத்தில் வையுங்கள்; கேட்பவருக்கு முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். நான் கண்டவரையில் மிக ஆழமான காயங்கள் கண்டிப்பான சபைகளிலிருந்து வருவதில்லை. புன்னகையோடு வரவேற்று, காணிக்கையை வாங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, ஒரு நாள் துணையைக் கூட்டி வந்ததும் "பாஸ்டர் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டுமாம்" என்று சொல்லியனுப்பும் சபைகளிலிருந்தே அவை வருகின்றன. எல்லை எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர் தங்கலாமா போகலாமா என்று தானே முடிவு செய்வார். தெரியாதவர் தன் வாழ்வின் நல்ல ஆண்டுகளை அங்கே போட்ட பிறகுதான் அந்த எல்லையில் போய் முட்டுவார்.

எதை உங்கள் சபையே தீர்மானிக்கலாம், எது மேலே தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சுயாதீனமான பெந்தெகொஸ்தே சபைக்கு இதில் கைகள் கட்டப்படவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், கத்தோலிக்கப் பங்குகளுக்குத் திருமணத்தைக் குறித்த முடிவு மேலிடத்தினுடையது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் மகளே 2015இல் ஒரு பெண்ணை மணந்ததன் காரணமாக, 2016இல் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையில் குருத்துவப் பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் தேநீர் மேசையில் யார் யாரோடு உட்காருவது, யாரை வீட்டுக்கூட்டத்துக்கு அழைப்பது, யார் பெயரைச் சொல்லி ஜெபிப்பது என்பதை எந்த மாமன்றமும் உங்களுக்குத் தடைசெய்யவில்லை. "மேலிடம் அனுமதிக்கவில்லை" என்ற பதிலை அந்த இடங்களுக்கும் நீட்டுவது சாக்கு. கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 2358ஆம் பத்தி, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. அந்தப் பத்தியைப் பங்குப் பேரவையில் ஒருமுறை சத்தமாக வாசித்தாலே பாதி உரையாடல் தொடங்கிவிடும்.

ஒருவர் உங்களிடம் மனம் திறக்கும்போது

வாலிபர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதோ, ஆராதனைக்குப் பிறகு காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போதோ அந்தப் பேச்சு வரும். "அங்கிள், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்கி, வேறு எதையோ பேசி, வீட்டு வாசல் வந்த பிறகுதான் விஷயம் வெளிவரும். அப்போது அவசரப்படாதீர்கள். காரை நிறுத்திவிட்டு, கேளுங்கள். பேசி முடித்ததும், தம்பி என்றோ கண்ணு என்றோ வழக்கமாக எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைத்து, "என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி, உன்மேல் எனக்குள்ள அன்பில் ஒன்றும் குறையவில்லை" என்று வாய்விட்டே சொல்லுங்கள். மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. உங்கள் முகத்தை அவர் எத்தனையோ நாள் கற்பனை செய்து பார்த்த பிறகே வந்திருக்கிறார்.

அந்த முதல் பேச்சில் வசனம் காட்ட வேண்டாம். தேவன் மாற்றுவார் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "நிச்சயமாகத் தெரியுமா, இது ஒரு பருவந்தானே" என்று கேட்க வேண்டாம். யாராவது சின்ன வயதில் தவறாக நடந்துகொண்டார்களா என்று துருவ வேண்டாம். அது அவரே சொல்ல வேண்டிய செய்தி, தன்பாலீர்ப்புக்கு அதைக் காரணமாக்குவதும் தவறு. நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: இது வேறு யாருக்குத் தெரியும்? வீட்டில் தெரிந்தால் உனக்கு ஆபத்து உண்டா? முதல் கேள்வி நீங்கள் தெரியாமல் வாய்விட்டுவிடாதிருக்க உதவும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் அடுத்து என்ன செய்வது என்பதைக் காட்டும்.

இனி, நம் சமூகத்தில் மிகவும் கடினமான பகுதி இரகசியம் காப்பது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு யூனிட்டில், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியில், பேசியது மறு யூனிட்டுக்குப் போகப் பஸ்கூடத் தேவையில்லை. அதிலும் நம் சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெபக்குறிப்பின் உடையில்தான் நடக்கிறது: "இன்னார் மகனுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், விவரம் வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா விவரமும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அவரது அனுமதியின்றி ஜெபச்சங்கிலியிலும், மூப்பர் கூட்டத்திலும், போதகரிடத்திலும், உங்கள் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொல்லக் கூடாது. போதகரிடம் சொல்வது நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால், "நாம் இருவரும் சேர்ந்து போவோமா, அல்லது இப்போது வேண்டாமா" என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் அடித்துக் காயப்படுத்தப்படுகிறது அல்லது வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்படுகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவு, அதைச் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல் துறையிடமோ தெரிவிக்கும் கடமையை மத போதகர்மீதும் வைத்திருக்கிறது. "குடும்ப விவகாரம்" என்று ஒதுங்க அங்கே இடமில்லை. ஆனால் அப்போதும் பிள்ளையின் தன்பாலீர்ப்பைப் பற்றித் தேவைக்கு மேல் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

விடுதலை ஜெபம் என்ற பெயரில் நடப்பது

நம் பெந்தெகொஸ்தே சபைகளில் இதைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு பிள்ளை தன்பாலீர்ப்புள்ளவர் என்று தெரிந்ததும் உபவாசக் கூட்டம் வைத்து, தலையில் கைவைத்து, "அந்த ஆவியை" விரட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மாறிவிட்டதாகச் சொன்னால்தான் இவர்கள் எழுந்து போவார்கள். அவ்வாறே சொல்லும், சொன்னது நிற்காதபோது, தன் விசுவாசம் போதவில்லை என்ற பழியையும் தன் தலையிலேயே ஏற்றிக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. தென்னாப்பிரிக்க உளவியல் சங்கம் பாலியல், பாலின வேறுபாடுள்ளோருடன் பணியாற்றும் உளவியலாளர்களுக்காக 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதை மாற்றப்பட வேண்டிய குறையாகக் கொள்வதில்லை. ஆகவே சபையின் தீர்மானம் தெளிவாக இருக்கட்டும்: ஒருவருடைய ஈர்ப்பை மாற்றுவதற்கென்று இங்கே ஜெபக்கூட்டம் நடத்தப்படாது, வெளியிலிருந்து வரும் சுவிசேஷகருக்கும் இது பொருந்தும், அவர் வருவதற்கு முன்பே அவருக்கு அறிவிக்கப்படும். அந்தப் பிள்ளை ஜெபம் கேட்டால், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டு, அதற்காகவே ஜெபியுங்கள். பரீட்சைக்காக இருக்கும், அம்மாவின் சர்க்கரை நோய்க்காக இருக்கும், பெரும்பாலும்.

உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அதை ஜெபத்தோடு முடித்துவிடாதீர்கள். தனியாக விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கூட்டிச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு நடத்தும் தொலைபேசி உதவியையும் நாடலாம். அந்த எண்ணைச் சபையின் அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக ஒட்டிவைப்பது எல்லாருக்கும் உதவும்.

பெற்றோரைத் தனியே விட்டுவிடாதிருங்கள்

மகனோ மகளோ சொல்லிவிட்ட பிறகு, பல வீடுகளில் பெற்றோரே சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அம்மா "என் வளர்ப்பில் என்ன குறை" என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா பேசமாட்டார். சம்பந்தி வீட்டார், மாமன் மச்சான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆகியோரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அந்த வீட்டின் முதல் கவலையாக இருக்கும். நம் குடும்பங்கள் பலவற்றில் பாதிப்பேர் இந்துக்கள், பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆலோசனை வந்து குவியும்.

அந்தப் பெற்றோரின் வயதையொத்த ஒருவர், முடிந்தால் இதே வழியைக் கடந்துவந்த ஒரு தாயோ தகப்பனோ, அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். போதகர் போவதைவிட இது பயன் தரும், ஏனெனில் போதகர் வந்தால் அம்மா தேநீர் போட ஓடிவிடுவார், அப்பா நல்ல சட்டையை மாட்டிக்கொள்வார், பேச வேண்டியதை யாரும் பேசமாட்டார்கள். போகிறவர், வளர்ப்பினால் வந்ததல்ல என்பதை முதலில் தெளிவாகச் சொல்லட்டும். பிறகு அவர்கள் அழுதால் அழவிடட்டும். பிள்ளைக்காகக் கண்ட கல்யாணக் கனவு கலைந்த துக்கம் அவர்களுக்கு உண்மையானது. அதை உடனே திருத்தத் தேவையில்லை. ஆனால் அந்தத் துக்கத்தைப் பிள்ளையின்மேல் இறக்கிவைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனை நிச்சயமாக வரும், அதுவும் மரியாதைக்குரிய ஒருவர் வாயிலிருந்தே வரும். அதை அங்கேயே மறுத்துப் பேசுங்கள். ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை அது பணயம் வைக்கிறது; உண்மை தெரிந்தே அந்தத் திருமணத்தை நடத்திவைக்கும் போதகருக்கும் அதில் பங்கு உண்டு.

கோபத்தில் பிள்ளையை வெளியே போகச் சொல்லும் வீடுகளும் உண்டு. அந்த இரவில் யார் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தங்க இடம் தர மனமுள்ள இரண்டு மூன்று குடும்பங்களை முன்கூட்டியே கேட்டு, மூப்பர் ஒருவர் மட்டும் அந்தப் பெயர்களை வைத்திருக்கட்டும். டர்பன் நகரில் தன்பாலீர்ப்புள்ளோருக்கான சமூக, சுகாதார மையம் ஒன்று இயங்குகிறது; கேப் டவுனில் 1995 முதல் 'இன்க்ளூசிவ் அண்ட் அஃபர்மிங் மினிஸ்ட்ரீஸ்' என்ற கிறிஸ்தவ அமைப்பு சபைகளோடு இந்தப் பணியைச் செய்துவருகிறது. அங்கிருப்பவர்களோடு நெருக்கடி வரும் முன்பே அறிமுகமாகிக்கொள்வது நல்லது.

ஞாயிறு காலை

இங்கே பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். துணையோடு வந்தால் இருவரின் பெயரையும் கேட்டு, அடுத்த வாரம் நினைவில் வைத்து அழையுங்கள்; "உங்கள் ஃப்ரெண்ட்" என்று சொல்லி நழுவாதீர்கள். அன்னையர் தினத்தில் பூக் கொடுக்கும் வழக்கமிருந்தால், ஒரு குழந்தைக்கு இரண்டு அம்மாக்கள் இருக்கையில் இருவருக்கும் கொடுங்கள். சபைக் குடும்பங்களின் புகைப்படப் பட்டியலில் அவர்களை ஒரே பக்கத்தில் போடுங்கள். தம்பதியர் விருந்துக்கு அவர்களை அழைக்கப் போவதில்லை என்றால், அதை மேடையில் "எல்லாக் குடும்பங்களும் வாருங்கள்" என்று அறிவிக்காதீர்கள்.

பிரசங்க மேடையிலிருந்து விழும் நகைச்சுவை, ஒரு முழு ஆண்டின் நல்லெண்ணத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். நடையைக் காட்டிச் சிரிப்பது, கைகளை ஆட்டிப் பேசிக் காட்டுவது, தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இழிவுபடுத்தும் 'மொஃபி' என்ற சொல்லை உதிர்ப்பது ஆகியவை கடைசி வரிசையில் இருக்கும் பதினான்கு வயதுப் பையனின் காதில்தான் முதலில் விழுகின்றன. ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் முகாமிலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பிள்ளைகளை, இனப் பெயர் சொல்லி ஒருவரைத் திட்டினால் எவ்வளவு கண்டிப்போடு நிறுத்துவோமோ அவ்வளவு கண்டிப்போடு நிறுத்த வேண்டும்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த தன்பாலீர்ப்புள்ளவரை மேடையேற்றி அவர் கதையைச் சொல்ல வைக்கும் ஆவல் நல்லெண்ணமுள்ள சபைகளுக்குத்தான் வருகிறது. அவர் காட்சிப்பொருள் ஆக வரவில்லை. மற்றவர்களைப் போல, வேலை கிடைத்ததற்கோ கார் விபத்தில் தப்பியதற்கோ தானாக எழுந்து சாட்சி சொல்லட்டும்.

வேதத்தைச் சேர்ந்து வாசிப்பது

சபையார் கேட்கப்போவது வசனத்தைத்தான். அதைத் தவிர்த்துவிட்டு அன்பைப் பற்றி மட்டும் பேசினால் ஏமாற்றுகிறீர்கள் என்று நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6, 1 தீமோத்தேயு 1 ஆகிய பகுதிகளை நேராக எடுத்து வாசியுங்கள். சோதோமின் அக்கிரமம் எதுவென்று எசேக்கியேல் 16:49 சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள்: கெர்வமும், ஆகாரத் திரட்சியும், சிறுமையும் எளிமையுமானவனுக்குக் கைகொடாததும் அங்கே குற்றமாக எண்ணப்படுகின்றன. பவுலின் வசனங்கள் எவ்வகை உறவுகளைக் குறித்தன என்பதில் வேத அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை என்ற உண்மையை மறைக்க வேண்டாம்.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது, வேதம் தன் சொந்தத் தடையையே தாண்டிச் செல்லும் ஒரு பாதை. அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன், கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23. அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லவேண்டாம், தம் ஆலயத்தில் அவனுக்கு இடமும் கீர்த்தியும் தருவேன் என்று கர்த்தர் சொல்வதை ஏசாயா 56 தருகிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகன், அதே ஏசாயாவின் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறான். பிலிப்பு அதற்கு உபாகமத்தை எடுத்துக்காட்டவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். இந்த மூன்றையும் வரிசையாக மூன்று வாரம் வாசித்தால், யாரும் யாரோடும் சண்டையிடாமலே சபை வெகுதூரம் வந்துவிடும்.

நடத்தும் முறைக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசூலு நடால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உஜமா மையம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சூழல்சார் வேதபாட முறை பொருத்தமானது. சிறு குழுவாக உட்கார்ந்து, தலைவர் பிரசங்கம் செய்யாமல் கேள்விகளை மட்டும் கேட்டு, எல்லாரும் தம் வாழ்க்கையிலிருந்து பேசி, பதில்களைப் பெரிய தாளில் எழுதிக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: குழுவில் தன்பாலீர்ப்புள்ளவர் இருந்தால், அவர் உங்கள் விவாதத்தின் தலைப்பாக உட்கார்ந்திருக்க விரும்புகிறாரா என்று முன்பே கேளுங்கள். அவர் இல்லாமலே நடத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கலாம்.

"பெரியவர்கள் மனம் புண்படுமே" என்னும்போது

இந்த எதிர்ப்பு எல்லாச் சபையிலும் வரும். பெரியவர்களைப் பேசவிடுங்கள், பல வேளைகளில் அவர்கள் பெயரில் பேசுகிறவர்களைவிட அந்த ஆயாக்களும் தாத்தாக்களும் இளகிய மனமுள்ளவர்கள். எதிர்ப்பு உண்மையாகவே அவர்களிடமிருந்து வந்தால், இந்த நாட்டின் சபை வரலாற்றில் ஒரு பக்கத்தை அவர்களுக்கு எடுத்துக்காட்டலாம். 1857இல் கேப் காலனியில் கூடிய டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம், புறஜாதியாரிலிருந்து வந்த, அதாவது வெள்ளையரல்லாத, விசுவாசிகள் ஏற்கெனவே இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்ளப்படுவது விரும்பத்தக்கது, வேதத்துக்கும் இசைந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, அவர்களுக்குத் தனிக் கட்டடமோ தனிக் கூட்டமோ இருக்கலாம் என்றும் சேர்த்துத் தீர்மானித்தது. அந்தச் சலுகை பிறகு விதியாயிற்று. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறைக்கு, "மற்றவர்கள் மனம் புண்படும்" என்ற காரணம் காட்டி வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டும் ஒன்றேயல்ல, அது எனக்குத் தெரியும்; நிறம் வேறு, இது வேறு என்று அவர்கள் சொல்வார்கள். அதை ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தத் தீர்மானத்தின் வாதம் மட்டும் ஏன் இப்படி ஒத்துப்போகிறது என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே தவறான அச்சங்கள் நிறைய உலவுகின்றன. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 9ஆம் பிரிவில், பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் நீக்கியது. சிவில் யூனியன் சட்டம் 2006 நவம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்து, ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாக அனுமதித்தது. ஆனால் எந்தப் போதகரும் அந்தத் திருமணத்தை நடத்திவைக்கக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. விரும்பும் சபைப் பிரிவுதான் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத பிரிவின் போதகருக்கு அந்த அதிகாரமே கிடையாது. 2020இல் நீக்கப்பட்ட 6ஆம் பிரிவு, அந்தத் திருமணத்தை நடத்திவைக்க அரசு ஊழியர்கள் மறுப்பதைப் பற்றியது; போதகர்களைப் பற்றியதல்ல. ஆகவே "நாளை அரசாங்கம் நம்மை வற்புறுத்தும்" என்று சொல்லி இன்றைய உபசரிப்பை மறுக்க வேண்டியதில்லை.

மருத்துவமனையிலும் மரணத்திலும்

ஒரு சபையின் வரவேற்பு உண்மையா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியவரும், ஏனென்றால் அப்போது உறவினர் எல்லாரும் வந்துவிடுவார்கள், போதகருக்கு அவர்களைப் பகைத்துக்கொள்ள மனம் வராது.

நோயாளி சம்மதம் தர முடியாத நிலையில், தம் சார்பில் யாரையும் எழுத்தில் நியமித்திருக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சம்மதம் தரும் உரிமையை வரிசைப்படுத்துகிறது: கணவன், மனைவி அல்லது துணை முதலில், அவர் இல்லாதபோதுதான் பெற்றோர், பிறகு மற்றவர். மருத்துவமனைக்குப் போகும் போதகர் இதை அறிந்திருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் துணையின் கையைப் பிடித்து முதலில் அவரிடம் நலம் விசாரித்தால், உறவினர்களும் செவிலியரும் அவரை எங்கே வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள்.

இறந்தபின், அடக்க ஆராதனைத் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் துணையிடம் காட்டுங்கள். இறந்தவர் விட்டுச்சென்றவர்களின் பெயர்களில் துணையின் பெயர் முதலில் வரட்டும். "நண்பர்கள்" என்ற வரியில் அதைப் புதைக்காதீர்கள். முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போடுங்கள். இரங்கல் சொல்ல வருவோர் கைகொடுக்கும் வரிசையில் குடும்பத்தாரோடு நிற்க வையுங்கள். குடும்பம் எதிர்த்தால், ஆராதனைக்கு முந்தின நாளே போதகர் போய்ப் பேச வேண்டும். கல்லறையருகே பேச்சுவார்த்தை நடத்தக் கூடாது.

பிறகு சொத்து. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் பெற்றோருக்கும் அவரோடு வாழ்ந்த ஆண் துணைக்கும் இடையே எழுந்த வழக்கில், ஒருவரையொருவர் ஆதரிக்கும் கடமையை ஏற்று நிரந்தரமாக இணைந்து வாழ்ந்த ஒரே பாலினத் துணைக்கும் வாரிசுரிமை உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. எனவே அடக்கம் முடிந்த வாரத்தில் உறவினர்கள் வண்டியோடு வந்து வீட்டுச் சாமான்களை ஏற்றத் தொடங்கினால், மூப்பர் ஒருவர் உடனிருந்து, வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது, எந்தத் தாளிலும் கையெழுத்திடவும் கூடாது என்று துணைக்குச் சொல்ல வேண்டும். இந்த நிலையே வராதபடி, இணைந்து வாழும் அங்கத்தினர்களை இப்போதே உயில் எழுதச் சொல்லுங்கள். சபையில் ஒரு வழக்கறிஞர் இருந்தால், ஒரு சனிக்கிழமை எல்லாத் தம்பதியருக்குமாகச் சேர்த்து அந்த உதவியை ஏற்பாடு செய்யலாம்.